லீக் பாஸும் ஸ்பர்ஸின் முதல் ஐந்து பேரும்

அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் லீக் பாஸுக்குச் சந்தா கட்ட நினைப்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "கொஞ்சம் பொறுங்கள், சீசன் பாதி போன பிறகு விலை குறையும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்." எல்லா அணிகளையும் மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்கு இது நல்ல யோசனைதான். ஒரே அணியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. நான் இரண்டாவது ரகம். டங்கன், பார்க்கர், ஜினோபிலி ஆடிய காலத்திலிருந்து சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்தான் என் அணி. அக்டோபர் முதல் வாரத்திலேயே பணத்தைக் கட்டிவிடுவேன். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களைப் பார்ப்பதற்காகவே கட்டுகிறேன் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கக் காரணம் இருக்கிறது. அந்த ஆட்டங்களில் வென்றாலும் தோற்றாலும் பட்டியலில் ஏறாது. பெரிய ஆட்டக்காரர்கள் பாதி நேரம் தோளில் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பகுதியில் ஓடுகிறவர்களில் சிலர் அடுத்த வாரம் அணியிலேயே இருக்க மாட்டார்கள். பயிற்சி முகாமுக்கு 21 பேர் வரை அழைக்கலாம். சீசன் தொடங்கும்போது முழு ஒப்பந்தத்தில் 15 பேரும் துணை அணிக்கும் ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் மூன்று பேரும்தான் மிஞ்சுவார்கள். மற்றவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு பயிற்சியாளர் மனதில் என்ன வைத்திருக்கிறார் என்பது அந்த ஆட்டங்களில்தான் வெளியே வரும். சீசன் தொடங்கிவிட்டால் தோல்விக்குப் பயந்தோ, காயத்தாலோ, எதிரணியைப் பார்த்தோ ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரை மாற்றிக்கொண்டே இருப்பார். அக்டோபரில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் ஆசைப்படுகிற அணியை அப்போதுதான் இறக்கிப் பார்க்கிறார். நான் ஸ்கோரைக் கவனிப்பதில்லை. எதிரணி கூடை போட்ட பிறகு பந்தை வாங்கிக்கொண்டு முன்னேறுவது யார், எதிரணியில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டைத் தடுக்க யாரை அனுப்புகிறார்கள், முதல் பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் களத்தில் இருப்பவர்கள் யார் யார்: இந்த மூன்றைத்தான் குறித்துக்கொள்வேன். அதற்கு முழு ஆட்டமும் வேண்டும். துணுக்குக் காட்சிகள் உதவாது.

இங்கேதான் லீக் பாஸின் நிறையும் குறையும் எனக்குப் பிடிபடுகின்றன. ஆட்டத்தை நேரடியாகவோ முடிந்த பின்னரோ முழுதாகப் பார்க்கலாம். முடிவுகளைத் திரையில் காட்டாமல் மறைத்துவைக்கும் வசதி உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். சுருக்கப்பட்ட ஆட்டம் என்று பத்து நிமிடப் பதிப்பு ஒன்றும் தருகிறார்கள். பலர் அதைப் புகழ்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. கூடையில் விழுந்த பந்துகளை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் பந்தைக் கொண்டுவந்தவர் யார் என்பதே தெரியாமல் போகிறது. மீன் குழம்பிலிருந்து மீனை மட்டும் எடுத்துக் கழுவித் தட்டில் வைத்ததுபோல் இருக்கும்.

இரு அணிகளின் ஒளிபரப்பில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அடுத்த சிறப்பு. நான் எப்போதும் சான் அன்டோனியோவின் உள்ளூர் வர்ணனையைத்தான் வைத்துக்கொள்வேன். அதில் பேசுகிற ஷான் எலியட், 1999இல் ஸ்பர்ஸ் முதல் பட்டம் வென்றபோது ஆடியவர். அதே ஆண்டு அண்ணனிடமிருந்து சிறுநீரகம் பெற்று, அடுத்த ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் களத்தில் இறங்கியவர். அணியின் மேல் பாசம் பொங்க ஒருதலைப்பட்சமாகப் பேசுவார். ஆனால் சக ஆட்டக்காரருக்கு வழி கிடைக்க எதிராளியை உடலால் மறித்து ஸ்க்ரீன் போடும்போது கால் எங்கே இருந்தது என்பதுபோன்ற விவரங்கள் அவர் வாயிலிருந்துதான் வரும். தமிழ் வர்ணனை கிடையாது. கபடிக்குத் தமிழில் பேச ஆள் கிடைக்கிற ஊரில் கூடைப்பந்துக்கும் ஒருநாள் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் சான் அன்டோனியோவில் மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு 6:30 ஆகிவிடும். எங்கள் வடசென்னைக் காலாடிப்பேட்டையில் பால் பாக்கெட் போடுகிற பையன் வரும் நேரத்தில் ஆட்டம் தொடங்கும். வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும். மேற்குக் கரையில் ஆடினால் 7:30, 8 மணி ஆகும். அப்போது மண்ணடி அலுவலகத்துக்குப் போகும் மெட்ரோவில்தான் மீதியைப் பார்க்கிறேன். புது வண்ணாரப்பேட்டை தாண்டி ரயில் நிலத்துக்குள் இறங்கும்போது கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு இணைய இணைப்புத் தருகிறவர்கள் இரண்டு தூறலுக்கே காணாமல் போய்விடுகிறார்கள். அதற்கு லீக் பாஸைத் திட்டிப் பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 10, நம் காலை. ஓக்லஹோமா சிட்டியில், சீசனுக்கு முன் ஸ்பர்ஸின் முதல் பயிற்சி ஆட்டம். அந்த ஆண்டு ஜூனில், அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வான விக்டர் வெம்பன்யாமா ஸ்பர்ஸ் சட்டையில் களமிறங்குகிறார். 7 அடி 4 அங்குல உயரம், கைகளோ அதைவிட நீளம். உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. 19 நிமிடங்களில் 20 புள்ளிகள் எடுத்தார். என் கண் அவருக்குப் பின்னால் இருந்தது. பந்தைக் கொண்டுவந்தவர் ஜெரமி சோஹன். 6 அடி 8 அங்குல உயரமுள்ள ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். உரசித் தடுக்கத் தெரிந்தவர், தலைமுடிக்கு வாரம் ஒரு சாயம் பூசுகிறவர், பந்தைத் தட்டி முன்னேறுவதைத் தொழிலாகச் செய்தே இராதவர். உண்மையான பாயிண்ட் கார்டான ட்ரே ஜோன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான் கல்லூரிக்கு ஆடியபோது பாயிண்ட் கார்டு. உயரம் ஐந்தடியைச் சற்றுத் தாண்டும். ஆகவே குட்டையாக இருக்கும் பாயிண்ட் கார்டுகளின் மேல் எனக்குப் பட்சபாதம் உண்டு என்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சார் ஒருமுறை பயிற்சி ஆட்டத்தில் என்னை வெளியே உட்காரவைத்து, அணியிலேயே உயரமான பெண்ணிடம் பந்தைக் கொடுத்துக் கொண்டுவரச் சொன்னார். அவள் அரைக்கோட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் சூழ்ந்துகொள்ள, பந்து மூன்றாமவள் கைக்குப் போனது. சார் விடவில்லை, "பழகட்டும்" என்றார். பழகினாள்தான். ஆனால் அது பழகுவதற்கான ஆட்டம். மறுவாரம் ராயபுரத்தில் நடந்த போட்டிக்கு என்னைத்தான் இறக்கினார்.

ஸ்பர்ஸின் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் ஜோன்ஸை முதல் ஐவரில் மறுவாரமும் இறக்கவில்லை, மறுமாதமும் இறக்கவில்லை. அவர் யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023இல் ஸ்பர்ஸ் பட்டத்துக்காக ஆடவில்லை. சோஹன் பந்தைக் கையாளக் கற்றுக்கொண்டால் நாளைக்கு ஐந்து பேரும் உயரமாக இருக்கும் ஓர் அணி அமையும். எதிரணியில் யார் வந்தாலும் ஆள் மாற்றித் தடுக்கலாம். சோஹனும் சோதனைக்கு அஞ்சாதவர். யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ சரியாக விழவில்லை என்றதும் ஒற்றைக் கையால் எறியத் தொடங்கி, அதில் தேறியும் காட்டியவர். 1996 முதல் பயிற்சியாளராக இருந்து ஐந்து பட்டங்கள் வாங்கிக் கொடுத்த பெரியவருக்கு ஒரு விளையாட்டுப் பரிசோதனை செய்ய உரிமை உண்டு. இதெல்லாம் சரி. ஆனால் பழகுவதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? வெம்பன்யாமா கொடுத்தார்.

அந்த முதல் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தால் தெரியும். அவர் வளையத்தருகே கையை உயர்த்தி நிற்கிறார்; அந்த உயரத்துக்குப் பந்தைத் தூக்கிப்போட்டால் உலகில் யாராலும் தடுக்க முடியாது. பந்து வரவில்லை. வரும்போது இரண்டு விநாடி தாமதமாக வருகிறது, அதற்குள் பக்கத்தில் ஆள் வந்துவிடுகிறது. என் அண்ணன் மகன் அரைத்தூக்கத்தில் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத்தை, இவருக்கு யாருமே பந்து கொடுக்க மாட்டேன் என்கிறார்களே." வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பையன். கூடைப்பந்தின் விதிகள் பாதிதான் தெரியும். அவன் கண்ணுக்கே பட்டது.

இன்னொரு கோளாறும் அன்றே தெரிந்தது. வெம்பன்யாமாவை ஃபார்வர்டாக நிறுத்தி, நடுவில் சாக் காலின்ஸை வளையத்தடியைக் காக்கும் சென்டராக வைத்தார்கள். ஒல்லியான பையன், இடி தாங்க மாட்டான் என்ற கவலை. கவலை புரிகிறது. ஆனால் இரண்டு உயரக்காரர்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது வளையத்தடியில் நெரிசல் ஏற்படும். நெரிசலில் பந்தைச் சரியாகக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள். ஒரு தவறை இன்னொரு தவறு பெரிதாக்கியது.

நடந்தது ஊரறிந்தது. நவம்பரிலும் டிசம்பரிலுமாகத் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வி. அணியின் வரலாற்றிலேயே அதுதான் நீளமான தோல்வி வரிசை. டிசம்பரில் காலின்ஸ் பெஞ்சுக்குப் போனார், வெம்பன்யாமா சென்டர் ஆனார். புத்தாண்டு பிறந்த பிறகு ட்ரே ஜோன்ஸ் முதல் ஐவரில் வந்தார். பந்து நேரத்துக்கு வரத் தொடங்கியதும் பையன் வேறு ஆளாகத் தெரிந்தான். சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 3.6 பிளாக் (எறிந்த பந்தைத் தடுப்பது), ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் சிறந்த புதுமுகம் விருது. அணியின் கணக்கு 22 வெற்றி, 60 தோல்வி. அக்டோபரில் முழு ஆட்டத்தையும் பார்த்தவர்கள் டிசம்பரில் ஆச்சரியப்படவில்லை.

ஸ்பர்ஸ் ரசிகர்கள் சிலர் இதற்கு ஜினோபிலியை இழுப்பார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே பெஞ்சிலிருந்து வந்தாரே, 2008இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் வாங்கினாரே, ஜோன்ஸ் உட்கார்ந்தால் என்ன என்பார்கள். ஜினோபிலி உட்கார்ந்திருந்தபோது களத்தில் பந்து டோனி பார்க்கர் கையில் இருந்தது. அதை மறந்துவிட்டு அவரை உதாரணம் காட்டுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பயிற்சி ஆட்டங்கள் நம் நாட்டுக்கே வந்ததையும் இங்கே நினைவுபடுத்தலாம். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பையில் இந்தியானாவும் சாக்ரமென்டோவும் ஆடின. இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்கள் அவை. முதல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 132க்கு 131 என இந்தியானா வென்றது. இங்கே பலரும் அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தைத்தான் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த ஆண்டு இந்தியானா கையில் எடுத்திருந்த திட்டம்: டர்னர், சபோனிஸ் என்ற இரு உயரக்காரர்களையும் முதல் ஐவரிலேயே சேர்த்து நிறுத்துவது. அந்த ஏற்பாடு எங்கே போய் முடிந்தது? 2022 பிப்ரவரியில் சபோனிஸை விற்றுவிட்டார்கள். வாங்கியது, மும்பையில் எதிரே நின்ற அதே சாக்ரமென்டோ. பதிலுக்கு வந்தவர் ஹாலிபர்ட்டன், ஒரு பாயிண்ட் கார்டு. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

2024ஐ வேகமாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அந்த அக்டோபரில் குறை சொல்ல அதிகம் இருக்கவில்லை. கிறிஸ் பாலைக் கொண்டுவந்தார்கள். வயது 39; பந்து எப்போது யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் அவரைவிடத் தெரிந்தவர் குறைவு. வெம்பன்யாமாவைக் கை காட்டிக் காட்டி இடம் மாற்றி நிறுத்தியதைப் பார்க்கவே சந்தாப் பணம் சரியாகிவிட்டது. அந்த வயதில் 82 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் இறங்கினார். 22 வெற்றி 34 ஆனது. அதுவும் பாப்போவிச் நவம்பரில் பக்கவாதத்தால் விலகி, வெம்பன்யாமா பிப்ரவரியில் தோள்பட்டையில் ரத்தம் உறைந்து ஓய்வுக்குப் போன பிறகும். அதே பிப்ரவரியில் டியாரன் ஃபாக்ஸை வாங்கிய பேரத்தில் ட்ரே ஜோன்ஸும் காலின்ஸும் சேர்ந்தே சிகாகோவுக்குப் போனார்கள். 2023இல் பெஞ்சில் உட்கார்ந்தவரும், அவர் இல்லாமல் தவித்தவரும் ஒரே விமானத்தில்.

2025இன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதனால்தான் சுவையானது. பாப்போவிச் மே மாதம் பயிற்சியாளர் பொறுப்பை முழுதாக விட்டார். அவர் இடத்துக்கு மிட்ச் ஜான்சன் வந்தார். கிறிஸ் பால் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பிப் போனார். பந்தைக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: ஃபாக்ஸ், முந்தைய சீசனின் சிறந்த புதுமுகம் ஸ்டெஃபன் கேசில், ஜூனில் இரண்டாவதாகத் தேர்வான டிலன் ஹார்ப்பர். முன்பு ஒருவரையும் இறக்காமல் வாடவிட்டார்கள், 2025இல் மூவரை வைத்துக்கொண்டு விழித்தார்கள். பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும்போது ஃபாக்ஸுக்குத் தொடைத் தசையில் காயம், ஹார்ப்பருக்குக் கட்டைவிரலில் அறுவை. ஆகவே பந்து கேசில் கைக்கு வந்தது.

கேசிலைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பாட்டத்தில் எதிரணியின் மிகச் சிறந்த ஆளை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வளையத்தை நோக்கிப் போனால் தோளைக் கொடுத்து இடம் பிடிப்பார். தூரத்திலிருந்து எறிவது நம்பிக்கை தருவதாக இல்லை. பந்தையும் கொஞ்சம் தாராளமாக எதிரணிக்குத் தானம் செய்கிறார். ஆனால் வெம்பன்யாமா எங்கே கையை நீட்டுகிறார் என்று பார்க்கிறார். சோஹன் பார்த்ததில்லை. பார்க்கிறவன் பந்தை இழந்தால் மன்னிக்கலாம். நாளைக்குச் சரியான இடத்தில் கொடுப்பான்.

தீபாவளி வெடிக் குப்பை தெருவில் கிடந்த அக்டோபர் 23ஆம் தேதி காலை, டாலஸில் சீசனின் முதல் ஆட்டம். எதிரே முதல் ஆளாகத் தேர்வாகி வந்த கூப்பர் ஃபிளாக், கூடவே ஆண்டனி டேவிஸ். பந்தைக் கேசில் கொண்டுவந்தார், ஹார்ப்பர் பெஞ்சிலிருந்து வந்தார், வெம்பன்யாமா தூரத்திலிருந்து எறியும் பழக்கத்தைக் குறைத்துக்கொண்டு வளையத்துக்கே போனார். 40 புள்ளி, 15 ரீபவுண்ட், 125க்கு 92 என ஸ்பர்ஸுக்கு வெற்றி. முதல் ஐவரில் யார் யார் என்பதை அக்டோபர் தொடக்கத்திலேயே பார்த்துவிட்ட எனக்கு, அந்தக் காலை ஒரு கணக்கு ஒத்துவந்த திருப்திதான் தந்தது.

சந்தா யாருக்கு உதவும்? ஒரு அணியை மட்டும் தொடர்கிறவருக்கு, விடியற்காலை எழ முடிந்தவருக்கு, முழு ஆட்டத்தையும் பொறுமையாகப் பார்க்கிறவருக்கு. கேரம் போர்டும் குத்துச்சண்டையும் கால்பந்தும் ஆளுகிற நம் வட்டாரத்தில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள் ஒரு சந்தாவைச் சேர்ந்து கட்டலாம். பெரம்பூர் ஐசிஎஃப் அணி ஆடும்போது நேரில் போய்ப் பார்ப்பதற்கு இது ஈடாகாது; ஆனால் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, "இப்போது யார் எங்கே நிற்க வேண்டும்" என்று கேட்டுக் காட்ட இது வசதி. நம் ஊர்ப் போட்டிகளில் பத்து பத்து நிமிடமாக 40 நிமிடம், அங்கே 48. அந்த எட்டு நிமிடத்தில் பயிற்சியாளர்கள் செய்து பார்க்கும் ஆள் மாற்றங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நட்சத்திரங்களின் டங்க் காட்சிகளுக்காக மட்டும் வாங்குகிறவர் காத்திருந்து குறைந்த விலைக்கே வாங்கலாம். காசில்லாமலும் அவை கிடைக்கும்.

ஃபாக்ஸ் திரும்பி வரும்போது யாரை வெளியே எடுப்பது என்பதுதான் அந்த அக்டோபரில் மிச்சமிருந்த கேள்வி. அன்று என் பதில் இது: கேசிலை எடுக்கக் கூடாது. ஃபாக்ஸிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, கேசிலைத் தடுப்பாட்டத்துக்கும், திடீரெனத் திசை மாற்றி வளையத்தை நோக்கி ஓடுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். டெவின் வசெல் தூரத்திலிருந்து எறிய மூலையில் நிற்கட்டும். ஹாரிசன் பார்ன்ஸ் சத்தமில்லாமல் வேலை செய்கிறவர், அவரைத் தொட வேண்டாம். ஹார்ப்பர் ஓராண்டு பெஞ்சிலிருந்து வரட்டும். அங்கே ஜினோபிலி உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. பாஸ்டனிலிருந்து வந்த 7 அடி 1 அங்குல லூக் கோர்னெட்டை வெம்பன்யாமா ஓய்வெடுக்கும்போது மட்டும் இறக்க வேண்டும். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தும் ஆசை மிட்ச் ஜான்சனுக்கு வந்தால், 2023 நவம்பர் ஆட்டங்களை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.